ஊசிக்கு ஒரு கணக்கு, மருந்துக்கு ஒரு கணக்கு

"ஜுரம் விட்டு ரெண்டு நாளாச்சு சார். அம்மா இட்லி சாப்பிடுறாங்க, தானா எந்திரிச்சு பாத்ரூம் போறாங்க. இன்னும் எதுக்கு ஊசி?" என்று ஒரு மகன் கேட்பார். அடுத்த கட்டிலில் ஒரு மகள்: "நேத்துதான் ஜுரம் விட்டுச்சு. அதுக்குள்ள ஊசியை நிறுத்திட்டு மாத்திரை எழுதியிருக்கீங்களே டாக்டர், பத்துமா? இன்னொரு அஞ்சு நாள் ஏத்திட்டா நல்லதில்லையா?" இரண்டு அம்மாக்களுக்கும் நோய் ஒன்றுதான். சிறுநீரகம் வரை ஏறிவிட்ட கிருமித்தொற்று, பேச்சு வழக்கில் கிட்னி இன்ஃபெக்‌ஷன். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. காலை ரவுண்ட்ஸில் கட்டில் கட்டிலாகத் தாண்டிப் போகும் டாக்டரால் இவற்றுக்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம்.

யூரின் இன்ஃபெக்‌ஷன் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. கிருமி சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்டால் அது நீர்க்கடுப்பு. எரிச்சல், போய்விட்டு வந்த மறுநிமிடமே மீண்டும் போகத் தோன்றுவது, அடிவயிற்றில் வலி. காய்ச்சல் வழக்கமாக இருக்காது. இதற்கு ஊசி வேண்டியதில்லை. நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை 5 நாள், அல்லது 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு வேளை என்ற அளவிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதே கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்தால் நிலைமை வேறு. பல் கிட்டுகிற குளிர், உயர்ந்த ஜுரம், முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே தொட்டாலே வலி, குமட்டல், வாந்தி. வயதானவர்களுக்கு இவை எதுவும் தெளிவாகத் தெரியாமல், திடீரென்று பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் படுத்துவிடுவதும் உண்டு. குற்றவாளி பெரும்பாலும் ஈ.கோலை, நம் குடலிலேயே குடியிருக்கும் கிருமி. பெண்களின் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே என்பதால் கிருமிக்கு அங்கே பயணம் சுலபம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கல், நாள்பட வைத்திருக்கும் சிறுநீர் டியூப் எல்லாம் அந்தப் பயணத்தை இன்னும் எளிதாக்குகின்றன.

இரண்டாவது வகைக்குத்தான் ஆஸ்பத்திரி, வென்ஃபிளான், ட்ரிப்ஸ் எல்லாம். ஆனால் அங்கேயும் ஏன் ஊசி என்று யோசித்தால், நம்மில் பலர் நினைக்கும் காரணம் சரியில்லை. "ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்கிறோம். ஊசி மருந்து பலசாலி, மாத்திரை சோப்ளாங்கி என்று ஒரு எண்ணம். உண்மையில் கிருமியைத் தொடுவது ரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்கு வந்து சேரும் மருந்துதான். அது கை நரம்பில் நுழைந்ததா குடலில் நுழைந்ததா என்பது அங்கே பொருட்டே இல்லை. லெவோஃப்ளாக்சசின் மாத்திரையை விழுங்கினால் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். கோட்ரைமாக்சசோலும் அப்படியே. அந்தக் கிருமி இந்த மாத்திரைக்கு அடங்கும், நோயாளியின் வயிற்றில் மாத்திரை தங்கும் என்றால், ஊசிக்கு எந்தக் கூடுதல் மகிமையும் கிடையாது.

குழந்தைகளிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹோபர்மன் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஜுரத்தோடு வந்த 1 மாதம் முதல் 24 மாதம் வரையிலான 306 குழந்தைகள். ஒரு பாதிக்கு முதல் நாளிலிருந்தே வாய்வழி செஃபிக்சிம். மறு பாதிக்கு 3 நாள் ஊசி, பிறகு அதே வாய் மருந்து. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரு நாளில் ஜுரம் இறங்கியது. பிற்பாடு சிறுநீரகத்தில் விழும் தழும்பிலும் சொல்லும்படியான வித்தியாசமில்லை. (பிறந்து இரண்டு மாதம் ஆகாத சிசுக்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்களுக்கு ஊசியில்தான் தொடங்குவார்கள்.)

அப்படியானால் ஊசி யாருக்கு? வாந்தியால் எதுவும் வயிற்றில் தங்காதவருக்கு. பிரஷர் இறங்கி, மூச்சு வாங்கி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியவருக்கு. அங்கே குடல் மருந்தை உறிஞ்சுமா என்று காத்திருந்து பார்க்க நேரமில்லை. மூன்றாவதாக, எந்த மாத்திரைக்கும் மசியாத கிருமி வந்து உட்கார்ந்தவருக்கு. முதல் இரண்டு காரணங்களும் இரண்டு மூன்று நாளில் தாமாகவே விலகிவிடுபவை. மூன்றாவதுதான் நம் ஊரின் பெரிய தலைவலி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் ஒன்றுதான். ஊசி எத்தனை நாள் என்பது ஒரு கணக்கு. ஆன்டிபயாடிக் மொத்தம் எத்தனை நாள் என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் மகனும் மகளும் எதிரெதிர்த் திசையில் கவலைப்படுகிறார்கள்.

ஊசிக் கணக்கை முடிப்பது காலண்டர் இல்லை, நோயாளியின் உடம்பு. ஜுரம் இறங்கு முகத்தில் இருக்கிறதா, பிரஷரும் நாடித்துடிப்பும் நிலைத்துவிட்டனவா, சாப்பிட்டது தங்குகிறதா, கல்ச்சர் ரிப்போர்ட்டில் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) பொருத்தமான மாத்திரை ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான்குக்கும் ஆம் என்றால் ஊசியை மாத்திரையாக மாற்றிவிடலாம், அது மூன்றாம் நாளாக இருந்தாலும் சரி. பெரும்பாலும் மூன்றாம் நாளாகத்தான் இருக்கும். சரியான மருந்து போய்ச் சேர்ந்த பிறகும் கிட்னி இன்ஃபெக்‌ஷனில் ஜுரம் அடங்க 48 முதல் 72 மணி நேரம் எடுப்பது இயல்பு. கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வரவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். ஆகவே முதல் நாள் ஊசி போட்டும் இரவில் மறுபடி குளிர் வந்துவிட்டதே என்று பதறி, "வேற பெரிய மருந்தா போடுங்க" என்று டியூட்டி டாக்டரை நெருக்க வேண்டாம். ஆள் தெளிவாக இருந்து, பிரஷரும் இறங்காமல் இருந்தால் மருந்துக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கலாம்.

அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. நோயாளி தேறிவருகிறார், விழுங்க முடிகிறது, வேலை செய்யும் மாத்திரை இருக்கிறது என்றால் முழுக் காலமும் ஊசியிலேயே வைத்திருக்காமல் மாத்திரைக்கு மாற்றுங்கள் என்கிறார்கள். கிருமி ரத்தத்தில் இருந்தது உறுதியானவர்களுக்கும் இதே யோசனைதான்.

இனி மொத்த நாள் கணக்கு. நான் படித்த காலத்தில் கிட்னி இன்ஃபெக்‌ஷன் என்றால் 14 நாள் என்பது கேள்வி கேட்காமல் எழுதும் எண். அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் உறுதியான ஆய்வு எதுவும் அகப்படாது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று எண்ணும் பழக்கம்தான் அடியில் இருக்கிறது. பிராட் ஸ்பெல்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத்தான் சுட்டிக்காட்டினார். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் வாரத்துக்கு 7 நாள் என்று விதித்தார், அதன் மடங்குகளில்தான் நாம் இன்றும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். கிருமிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஸ்வீடனில் கிட்னி இன்ஃபெக்‌ஷனோடு வந்த பெண்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசினை 7 நாளும் 14 நாளும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் லான்செட் இதழில் வந்தது. குணமானவர்கள் 7 நாள் பக்கம் 97 சதவீதம், 14 நாள் பக்கம் 96 சதவீதம். இரண்டாவது வாரம் கூடுதலாகக் கொடுத்த ஒன்று உண்டு: பூஞ்சைத் தொற்று. இதோடு திருப்தி அடையாதவர்கள், "ரத்தத்தில் கிருமி போனவர்களுக்கு 7 நாள் எப்படிப் போதும்?" என்று கேட்டார்கள். சரியான கேள்விதான். இஸ்ரேலிலும் இத்தாலியிலும் 604 நோயாளிகளிடம் செய்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, போதும் என்று அதற்கு முதல் பதில் தந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கிருமி சிறுநீரிலிருந்துதான் ரத்தத்துக்குப் போயிருந்தது. அடுத்து 2024-இல் பேலன்ஸ் என்ற பேராய்வு. 7 நாடுகள், 74 ஆஸ்பத்திரிகள், ரத்தத்தில் கிருமி இருந்த 3,608 பேர், அவர்களில் பாதிக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். கிருமி புறப்பட்ட இடங்களில் முதலிடம் சிறுநீர்ப்பாதைக்கு. 90 நாளுக்குள் இறந்தவர்கள் 7 நாள் மருந்து பெற்ற பக்கம் 14.5 சதவீதம், 14 நாள் பக்கம் 16.1 சதவீதம். கூடுதல் ஏழு நாள் யாரையும் காப்பாற்றவில்லை. 2025 வழிகாட்டுதல் சொல்லும் 7 நாள் இப்படி வந்ததுதான். சிப்ரோ, லெவோ வகையென்றால் 5 முதல் 7 நாளே போதும் என்கிறது.

இந்த 7 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சேர்த்த நாளிலிருந்து அல்ல, கிருமிக்கு உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து தொடங்கிய நாளிலிருந்து. செஃப்ட்ரியாக்சோன் 2 நாள் போட்டார்கள், கல்ச்சரில் அதற்குக் கிருமி அடங்காது என்று வந்து மெரோபெனம் தொடங்கினார்கள் என்றால், மெரோபெனம் தொடங்கிய நாளே முதல் நாள். ஆனால் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறியதும் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்காது. மூன்று நாள் ஊசி வேலை செய்தது என்றால் மாத்திரை நான்கு நாள். "ஊசி ஒரு வாரம், மேலே மாத்திரை ஒரு வாரம்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் வந்தால், அந்த இரண்டாவது வாரம் எதற்கு என்று மரியாதையாகக் கேட்கலாம். காரணம் இருந்தால் டாக்டர் சொல்வார்.

இங்கே ஒரு பயத்தைத் தீர்க்க வேண்டும். கோர்ஸை முடிக்காவிட்டால் கிருமிக்கு எதிர்ப்பு வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டாக்டர் எழுதிய நாளை நாமாகக் குறைக்கக் கூடாது என்பது சரிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் டாக்டரே 7 நாள் என்று எழுதினால் அது அரைகுறைக் கோர்ஸ் அல்ல, அதுதான் கோர்ஸ். எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் பெருகுவது தேவைக்கு மேல் கொடுத்த நாட்களில். குடலில் ஒரு தொந்தரவும் செய்யாமல் கிடக்கும் கோடிக்கணக்கான கிருமிகள் மேல் மருந்து தினமும் விழுகிறது. அதில் தாக்குப்பிடித்தவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. அடுத்த முறை மேலே ஏறுவது அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

இப்போது நம் ஊரின் தலைவலிக்கு வருவோம். இந்தியாவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் சிறுநீரில் வளரும் ஈ.கோலையில் பாதிக்கும் வெகு மேலானவை சிப்ரோவுக்கும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகளுக்கும் அடங்குவதில்லை என்பதை ஐ.சி.எம்.ஆர். ஆண்டுதோறும் வெளியிடும் கண்காணிப்பு அறிக்கைகள் காட்டிவருகின்றன. ரிப்போர்ட்டில் 'ஈ.எஸ்.பி.எல்.' என்று எழுதியிருப்பது இத்தகைய கிருமியைத்தான். இதைவிடக் கடினமான என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு முதன்முதலாக அகப்பட்டதே சிறுநீர்த் தொற்றில்தான். 2008-இல், புது தில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரில் வளர்ந்த கிளெப்சியெல்லாவில் அது இருந்தது. இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் என்று அது பரவியிருப்பதை 2010-இல் உலகுக்குச் சொன்ன ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012-இல் சென்னையில் பல மருத்துவ அமைப்புகள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்காக வெளியிட்ட 'சென்னை பிரகடனம்' இந்தப் பின்னணியில் பிறந்ததுதான்.

கட்டிலில் இருப்பவருக்கு இதன் பொருள் என்ன? ஜுரம் விட்டிருக்கும், இட்லி இறங்கியிருக்கும், ஆனால் மாற்றுவதற்கு மாத்திரை இருக்காது. மகன் கேட்ட கேள்விக்கு விடை பல சமயம் இதுதான். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நைட்ரோஃபுரான்டாயினுக்கு 'எஸ்' போட்டிருக்கே, ஃபாஸ்ஃபோமைசினுக்கும் 'எஸ்' இருக்கே, அதைக் குடுத்து அனுப்பலாமே" என்று கேட்பார்கள், மிகச் சரியாகப் படித்துவிட்டு ('எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பொருள்). இந்த இரண்டும் சிறுநீரில் போய்ச் சேரும் அளவுக்குச் சிறுநீரகத்தின் சதையில் சேர்வதில்லை. சிறுநீர்ப்பையில் நிற்கும் தொற்றுக்கு அருமையான மருந்துகள். ஜுரத்தோடு சிறுநீரகத்தைப் பிடித்த தொற்றுக்கு அவற்றை நம்பி அனுப்ப முடியாது. சோதனைக் கூடத் தட்டில் கிருமி சாவதும் சிறுநீரகத்துக்குள் சாவதும் ஒன்றல்ல. கோட்ரைமாக்சசோலுக்கு 'எஸ்' இருந்தால் அது வேறு விஷயம், அதை விட்டுவிடக் கூடாது. பெரிய பெரிய மருந்துப் பெயர்களுக்கு நடுவே அந்தப் பழைய மலிவு மாத்திரையைக் கவனிக்காமல் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

மாத்திரையே இல்லை என்றால் ஏழு நாளும் ஊசிதான். அப்போதும் 14 நாள் ஆக வேண்டியதில்லை, ஏழாம் நாள் நிறுத்தி அனுப்பலாம். அந்த ஏழு நாளும் கட்டிலில் கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. எர்டாபெனம் ஒரு நாளைக்கு ஒரே வேளை, 1 கிராம். அமிகாசினும் ஒரே வேளைதான், ஆனால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது என்பதால் கிரியாட்டினின் பார்த்து, அளந்து, குறைந்த நாளுக்குத்தான் போட வேண்டும். தேறியவர் வீட்டிலிருந்து தினமும் வந்து போட்டுக்கொண்டு போகலாம். ஒரு பாட்டியைப் பொறுத்தவரை தன் வீட்டுக் கட்டிலில் தூங்குவதே பாதி வைத்தியம்.

புதிய வழிகளும் திறக்கின்றன. அவற்றில் ஒன்றில் நம்மூர்ப் பங்கு உண்டு. ஈ.எஸ்.பி.எல். கிருமியின் கவசத்தை உடைக்கும் என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. செஃபெபைம் மருந்தோடு அதைச் சேர்த்து, சிக்கலான சிறுநீர்த் தொற்றில் சோதித்த பன்னாட்டு ஆய்வு 2022-இல் வெளிவந்தது. பொதுவான சிகிச்சைக் காலம் 7 நாள். நோயும் தீர்ந்து கிருமியும் ஒழிந்தவர்கள் 79 சதவீதம். பைபராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 59 சதவீதம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் இதற்கு அனுமதி தந்தது. இதுவும் ஊசிதான். மாத்திரைப் பக்கம், டெபிபெனம் என்ற வாய்வழிக் கார்பாபெனம் (மெரோபெனம் வகை மருந்து) எர்டாபெனம் ஊசிக்கு ஈடாக நிற்கிறது என்று 2022-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

ஏழு நாள் எல்லோருக்கும் பொருந்தாது. மருந்து சரியாக இருந்தும் மூன்று நாள் தாண்டி ஜுரம் விடவில்லையென்றால் நாளைக் கூட்டுவதோ மருந்தைப் பெரிதாக்குவதோ வழியல்ல, ஸ்கேன்தான் வழி. குழாயில் கல் அடைத்து மேலே சீழ் தேங்கியிருந்தால் ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டே இருப்பது அடைத்த சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவது போலத்தான். டிஜே ஸ்டென்ட் வைத்தோ, முதுகு வழியாக டியூப் போட்டோ அடைப்பை நீக்கிய பிறகே மருந்தின் நாட்கள் உருப்படியாக எண்ணிக்கையில் சேரும். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்குச் சிறுநீரகத்துக்குள்ளேயே வாயு உண்டாகும் ஒரு கொடிய வகையும் இருக்கிறது. அதையும் ஸ்கேன்தான் காட்டும். சீழ்க்கட்டி இருந்தால் அது சுருங்கும் வரை வாரக்கணக்கில் மருந்து வேண்டியிருக்கும்.

ஆண்கள் விஷயத்தில் நான் நாளைக் குறைக்க அவசரப்பட மாட்டேன். ஜுரத்தோடு வரும் ஆணுக்குப் புராஸ்டேட்டிலும் கிருமி ஒளிந்திருக்கலாம், அங்கே மருந்து எளிதில் நுழையாது. பிரான்சில் இத்தகைய ஆண்களிடம் 7 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்டு 2023-இல் வந்த ஆய்வில் 14 நாளே தெளிவாக வென்றது. கர்ப்பிணிகளுக்கு ஜுரம் விட்டு 48 மணி நேரம் வரை ஊசி, மொத்தம் 14 நாள் என்ற வழக்கம் தொடர்கிறது. சிறுநீரில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தால் அது பல சமயம் ரத்தத்திலிருந்து இறங்கி வந்தது, இதயம் வரை தேட வேண்டும், கணக்கே வேறு. மாற்றுச் சிறுநீரகம் வைத்திருப்பவர்களின் கணக்கை அவர்களுடைய டாக்டர்தான் போட வேண்டும்.

மகள் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும்: "இன்னொரு அஞ்சு நாள் ஏத்திட்டா நல்லதில்லையா?" நல்லதில்லை. வென்ஃபிளான் நாள்பட இருந்தால் நரம்பு வீங்கிக் கயிறு போல விறைக்கும், அதன் வழியாகவே புதுக் கிருமி ரத்தத்தில் நுழையும். படுத்தே கிடக்கும் வயதானவர் நடக்கும் பலத்தை இழப்பார். ஆன்டிபயாடிக்கால் வயிற்றுப்போக்கு பிடித்தால் சிறுநீரகத்துக்குத்தான் மறுபடி கஷ்டம். வார்டில் சுற்றும் கிருமிகள் வீட்டில் இருப்பவற்றைவிட முரடானவை. பணத்தை நான் கடைசியில் சொல்கிறேன், ஆனால் மெரோபெனத்தோடு அறை வாடகையும் சேர்ந்த ஐந்து நாள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சிறிய விஷயமில்லை.

இத்தனை கணக்கும் நிற்பது ஒரு சின்ன டப்பாவில். முதல் ஆன்டிபயாடிக் உடம்பில் ஏறுவதற்கு முன்பே சிறுநீர் கல்ச்சருக்குப் போயிருக்க வேண்டும், ஜுரம் கடுமையாக இருந்தால் ரத்தக் கல்ச்சரும். (பிரஷர் இறங்கிவிட்டவருக்கு மட்டும் கல்ச்சர் எடுக்க முடியவில்லை என்று மருந்தைத் தாமதிக்கக் கூடாது.) பக்கத்துக் கிளினிக்கில் ரெண்டு ஊசி போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தால், கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம். எந்த மாத்திரைக்கு மாற்றலாம் என்று தெரியாமல், பெரிய ஊசியையே கடைசிவரை போட்டுக்கொண்டிருக்கும் நிலைமை அப்படித்தான் உண்டாகிறது. சிறுநீர் பிடிக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். நாள்பட்ட டியூப் இருந்தால் அதை மாற்றிவிட்டுப் புது டியூபிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

மருந்து முடிந்த பிறகு ஒன்று நடக்கும். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, மனசு கேட்காமல், தெருமுனை லேப்பில் ஒரு யூரின் டெஸ்ட் எடுப்பார்கள். 'பஸ் செல்ஸ் 8–10' என்று, அதாவது சீழ் அணுக்கள் இருப்பதாக வரும். அதை வைத்து இன்னொரு வாரம் மருந்து. ஜுரமும் எரிச்சலும் வலியும் இல்லாதவருக்கு இந்த டெஸ்ட்டே வேண்டாம். அறிகுறி இல்லாமல் சிறுநீரில் கிருமி வளர்ந்தால்கூட, கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப்பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் தவிர மருந்து தேவைப்படுவது அரிது. டெஸ்ட்டுக்குப் பதிலாக ஆளைப் பாருங்கள். மருந்து நிறுத்திய இரண்டு மூன்று வாரத்துக்குள் குளிரோ ஜுரமோ விலா வலியோ திரும்பினால் அன்றைக்கே கிளம்பி வாருங்கள், பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு.